நான்கில் நிற்க வேண்டிய முள்

அணை நீருக்கடியில், அடித்தரையில் மதகைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான் இருதயராஜ். கயிற்றை மேலே மச்சான் சவேரியான் பிடித்திருந்தான். தங்கை தாலியறுப்பதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான் என்பதால் முக்குளிப்பவர்கள் மனைவியின் அண்ணனைத்தான் நம்புவார்கள். அணைச் சுவரிலிருந்து முப்பது மீட்டர் கயிறு. பத்து மீட்டர் தண்ணீருக்கு ஒரு பங்கு அழுத்தம், அதற்கு மேலுள்ள காற்றுக்கு இன்னொன்று. மணிக்கட்டில் கட்டிய அழுத்தமானியின் முள் நான்கில் நிற்க வேண்டும். ஐந்தைத் தொட்டது.

"மச்சான், கயித்த விட்டீங்களா?" என்று தலைக்கவச போனில் கேட்டான்.

"இல்ல மாப்ள. சுவத்து மேலயேதான் உக்காந்திருக்கேன்."

முள் ஆறுக்கு நகர்ந்தது. அப்படியானால் தலைக்கு மேல் ஐம்பது மீட்டர் தண்ணீர்.

"மச்சான், அங்க தண்ணி எங்க நிக்குது?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு மாப்ள," என்றான் சவேரியான் நிதானமாக. அவன் சொல்லுக்குச் சொல் போனில் நீர்க்குமிழிகள் கொப்பளித்தன.