கைக் கோளாறு

“கிளச்சு பிளேட் புதுசு மாதிரி இருக்கு. கியர் ஆயிலும் மாத்தியாச்சு. நான் ஓட்டுனா கியர் வெண்ணெய் மாதிரி விழுது. ஒண்ணும் புரியல, அண்ணாச்சி.” மெக்கானிக் இசக்கிபாண்டி தலையைச் சொறிந்தான்.

“எனக்கும் நல்லாத்தான் விழுது. இவ ஓட்டுனாதான் கரகரன்னு கத்துது,” என்றார் பூவனநாதன். “ஒரு மாசமா விளாத்திகுளம் மிளகாய்க் காட்டுக்கு இவதான் காரை எடுத்துட்டுப் போறா. எல்லாம் கைக் கோளாறு. ஏட்டி, இனிமே நீ பஸ்ஸுலயே போ.”

அவர் மனைவி சத்யபிரியாவுக்குக் கண் கலங்கியது. “கிளச்ச அடியில முட்டுத வரைக்கும் மிதிக்கேன். பெறகும் ஏன் கத்துதுன்னு தெரியலயே.”

“மதினி, எனக்கு முன்னால ஒருக்க ஓட்டிக் காட்டுங்க,” என்றான் இசக்கிபாண்டி.

அவள் கார்க் கதவைத் திறந்தாள்.

“பொறு! மழை பேஞ்சு கிடக்கு. உன் காலெல்லாம் கரிசல்.” பூவனநாதன் டிக்கியிலிருந்து நாலாக மடித்த மிளகாய்ச் சாக்கை எடுத்து, வழக்கம்போல அவள் கால் வைக்கும் இடத்தில் போட்டார்.

அவள் ஏறி, கிளச்சை மிதித்து கியரைத் தள்ளினாள். கரகரவென்று கத்தியது.

இசக்கிபாண்டி குனிந்து பார்த்தான். கிளச்சு பெடல் பாதியிலேயே சாக்கில் முட்டி நின்றது.

“அண்ணாச்சி, இதையா ஒரு மாசமா போடுதீய?”

“இவ ஓட்டும்போது மட்டும்தான்...” என்று இழுத்தார் பூவனநாதன்.

சத்யபிரியா சாக்கை உருவிப் பக்கத்து சீட்டில் கால் வைக்கும் இடத்தில் போட்டாள். மறுபடி மிதித்தாள். கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

“ஏறுங்க,” என்றாள் கணவனிடம். “சாக்கு இனி உங்க காலுக்கு.”