ஓட்டக்காரனின் கைகள்

பந்து மார்லனின் விரல்களில் பட்டுப் புல்தரையில் விழுந்தது. மறுபடியும்.

மைதானம் சிரித்தது. அவனைத் தடுக்க வேண்டிய, வெகு பின்னால் மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்த டாலிவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

"டேய் ஓட்டக்காரா, இங்க கோட்டைத் தாண்டினா பதக்கம் தர மாட்டாங்கடா. பந்து வேணும், பந்து!"

 மார்லன் பந்தைக் குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

போன கோடையில் நூறு மீட்டரில் உலகத்திலேயே இரண்டாவதாக வந்த மார்லன் பெட்டி அவன்தான். இந்தக் கோடையில், ஜார்ஜியாவின் ஆகஸ்ட் வெயிலில், தலைக்கவசமும் தோள் திண்டுகளும் மாட்டிக்கொண்டு, பந்தைக் கையால் பிடித்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றில் இடம் கேட்டு நின்றான். அந்த வருட ஓட்டப் பந்தயங்கள் அத்தனையையும் விட்டுவிட்டு வந்திருந்தான்.

ஓட்டக்காரர்கள் இதற்கு முன்பும் வந்திருக்கிறார்கள். ஒரு சிலர் நிலைத்தார்கள். மற்றவர்கள் எதிராளி வந்து மோதிய முதல் இடியிலேயே மூட்டையைக் கட்டினார்கள். இவன் எந்த ரகம் என்று முகாமே பார்த்துக்கொண்டிருந்தது.

பயிற்சி இவ்வளவுதான். ஒருவன் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டும். இன்னொருவன் அவனை ஒட்டியே ஓடித் தடுக்க வேண்டும்.

தடுக்கிற ஆட்களில் சூட்டிகையானவர்கள் மார்லனின் முறை வந்ததும், அவன் வேகத்தில் பின்தங்கிப் பேர் கெட வேண்டாமென்று, ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தார்கள். தண்ணீர் குடிக்கப் போனார்கள். டாலிவர் மட்டும் ஒவ்வொரு முறையும் மற்றவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"இவனை எனக்கு விடுங்கப்பா. பிடிக்கத் தெரியாதவன் எவ்வளவு தூரம் ஓடினா எனக்கென்ன?"

டாலிவர் முப்பதைத் தாண்டியவன். இடிக்குப் பேர் போனவன். கால்கள் கனத்துக்கொண்டு வருவதை வாயால் மறைக்கப் பழகியிருந்தான்.

தினமும் இதே கதை. மார்லன் அவனைக் கடந்து போவான். பந்து வரும். விழும். டாலிவர் சிரிப்பான்.

ஒரு நாள் விசில் ஊதிய பிறகு, பக்கவாட்டில் ஓடி வந்து மார்லனின் விலாவில் இடித்தான். மார்லன் எழுந்தான். வாயில் போன புல்லைத் துப்பினான். மறுபடி வரிசையில் நின்றான்.

அடுத்த ஓட்டத்தில் டாலிவரை முன்னெப்போதையும்விடத் தூரமாகப் பின்னால் விட்டான். பந்தையும் விட்டான்.

ஆட்களைக் கழிக்கிற நாள் வந்தது. பயிற்சியாளர் ப்ரூசார் மார்லனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது.

"கால் ஆண்டவன் கொடுத்தது, தம்பி. ஒரே ஒரு பந்து பிடிச்சிருந்தாக்கூட உன்னை வெச்சிருப்பேன். ஒண்ணே ஒண்ணு."

"தெரியும், கோச்."

  கதவருகே போன மார்லன் திரும்பி நின்றான்.

"டாலிவர்?"

ப்ரூசார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பிடிக்கத் தெரியாத உன்கிட்டயே தினம் இப்படிப் பின்தங்கினா, தெரிஞ்சவன் எதிர்ல வந்தா என்ன ஆகும்? எல்லாத்தையும் வீடியோவுல பார்த்தோம். அவனும் கிளம்புறான்."

மார்லன் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தான்.

வண்டிகள் நிற்கும் இடத்தில் டாலிவர் ஓர் அட்டைப்பெட்டியைத் தன் டிரக்கில் ஏற்றிக்கொண்டிருந்தான். மார்லனைப் பார்த்ததும் அவன் முகம் கறுத்தது. இந்த முறை சிரிப்பு வரவில்லை.

"உன்னாலதான்டா! நீயும் உருப்படலை, என்னையும் இழுத்துட்டுப் போறே. ஒரு பந்தைப் பிடிக்க வக்கில்லாத பயலே!"

பெட்டிக்குள் கையை விட்டான். அகப்பட்டது ஒரு பழைய பந்து. முழு பலத்தோடு மார்லனின் முகத்தைக் குறிவைத்து வீசினான்.

மார்லனின் வலது கையில் பை இருந்தது. அவன் அதைக் கீழே வைக்கவில்லை.

இடது கை எழுந்தது. பந்து உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது, சத்தமே இல்லாமல்.

டாலிவரின் வாய் திறந்தபடி நின்றது. அவன் அந்தக் கையைப் பார்த்தான். பந்தைப் பார்த்தான். கீழே விழுந்த பந்துகள் ஒவ்வொன்றாக அவன் நினைவுக்கு வருவது முகத்தில் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் தானே முட்டிமோதி முன்னால் வந்து நின்றதும்.

"நீ... வேணும்னேவா?"

"ஒண்ணு பிடிச்சிருந்தாலும் நீயும் மத்தவங்க மாதிரி தண்ணி குடிக்கப் போயிருப்பே."

"ஏன்டா? நான் உனக்கு என்ன பண்ணேன்?"

"லினெல் ஷெப்பர்டு," என்றான் மார்லன். "என் அண்ணன். அம்மா ஒண்ணு, அப்பா வேற."

டாலிவரின் கை வண்டிக் கதவிலேயே நின்றுவிட்டது. கல்லூரி ஆட்டத்தில் அவன் இடித்து ஸ்ட்ரெச்சரில் வெளியே போன பையன். அந்த ஓர் இடிதான் டாலிவருக்கு இந்தத் தொழிலில் கதவைத் திறந்துவிட்டது. அதை அவன் பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்வது வழக்கம்.

"பந்து பிடிக்க அவன்தான் எனக்குக் கத்துக்கொடுத்தான்," என்றான் மார்லன். "இப்ப அவனுக்குக் கரண்டி பிடிக்க நான் கத்துக்கொடுத்துட்டிருக்கேன்."

பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான்.

டாலிவர் பந்தைத் திருப்பிக் கேட்கவில்லை.