துரையின் கோரைப்பல்

மேஜைமேல் துரை வாயைத் திறந்தபடி இருந்தான்.

பிடரி மயிர் இல்லை. மீசை இல்லை. அந்த நாற்றமும் இல்லை. வெறும் மண்டையோடு.

அவள் தன்னையறியாமல் குனிந்தாள். அறுபது வயதுக் கழுத்து பழசை மறக்கவில்லை.

உங்கள் சர்க்கஸில் இருந்த துரை என்ற சிங்கத்தின் தலை எங்களிடம்தான் இருக்கிறது, பார்க்க வருகிறீர்களா என்று போனில் கேட்டவள் டாக்டர் ஜெசிந்தா. இந்தக் கால்நடைக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். எலும்பையும் பல்லையும் வைத்தே ஒரு மிருகம் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்லிவிடுவாளாம்.

கணவர் உள்ளே வரவில்லை. எலும்பில் பார்க்க என்ன இருக்கிறது என்று வெளியே புங்கமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

சர்க்கஸில் அவர்தான் மாஸ்டர். துரையைப் பழக்கியவர். இவளைக் கட்டிக்கொண்டு வந்து, சிங்கத்தின் வாய்க்குள் தலையை வைக்கச் சொன்னவரும் அவர்தான். பெண்பிள்ளை வைத்தால்தான் கூட்டம் வரும் என்பார். அவர் ஒருநாளும் வைத்ததில்லை.

முதல் ஆட்டத்துக்கு முன்னால் அவள் காதோடு ஒரு ரகசியம் சொன்னார். துரையின் கோரைப்பல் நான்கையும் பிடுங்கியாகிவிட்டது. இப்போது இருப்பது கட்டுப்பல், சும்மா பார்வைக்கு. வெளியில் மூச்சு விடாதே.

நம்பினாள். கல்யாணமான புதிது. எதைத்தான் நம்பமாட்டாள்?

அதன்பிறகு ஊர் ஊராய், வருஷக்கணக்கில்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் கூடாரமே எழுந்து நின்று கைதட்டும். அவளுக்கு உடம்பெல்லாம் கூசும். இரவல் நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவள் மாதிரி நிற்பாள். சிரிப்பாள், கும்பிடுவாள். ஊரை ஏமாற்றிப் பிழைக்கிறோமே என்று மறைவில் போய் அழுததும் உண்டு. பேரப்பிள்ளைகள் சிங்கக் கதை கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஜெசிந்தா மேல்தாடையின் கோரைப்பல் ஒன்றைப் பிடித்து மெல்ல அசைத்தாள். காய்ந்த எலும்பு, பிடி விட்டுப்போயிருந்தது.

பல் குழியிலிருந்து வந்தது.

வந்துகொண்டே இருந்தது.

வெளியே தெரிந்தது கொஞ்சம்தான். உள்ளே இருந்த வேர் அதைவிட நீளம்.

கட்டுப்பல்தானே என்று அவள் கேட்டாள்.

"கட்டுப்பல்லுக்கு ஏதும்மா வேரு? நாலுமே இவனோட சொந்தப் பல்லு."

ஜெசிந்தா சொல்லிக்கொண்டே போனாள். பல்லின் பின்பக்கம் குழிந்து தேய்ந்திருக்கிறதே, அது கூண்டுக் கம்பியைக் கடித்துக் கடித்து வந்தது. கீழ்த்தாடையில் இந்த ஓட்டை, கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டி எலும்பைத் தின்று வெளியே வந்த வழி. ஒருநாள் இரண்டுநாள் வலியில்லை, வருஷக்கணக்கு. வாயைத் திறக்கும்போதெல்லாம் உயிர் போயிருக்கும்.

வாயைத் திறக்கும்போதெல்லாம்.

அறை மங்கிக்கொண்டு வந்தது. அவள் மறுபடி ஆட்டக் களத்தில் இருந்தாள். பேண்டு வாத்தியம் நின்றது. எங்கோ தூரத்தில், கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

சூடான இருட்டு. கழுத்தில் சொட்டும் எச்சில். காதோரம் தேங்காய்த் துருவி மாதிரி நாக்கு. அவள் தலை உள்ளே போனதும் துரை மூச்சை நிறுத்திவிடுவான். அந்த அமைதியில் அவளுக்குத் தூக்கம்கூட வரும் போலிருக்கும். உலகத்தில் இவ்வளவு பத்திரமான இடம் வேறில்லை என்று தோன்றும்.

பல் இல்லாததால் என்று நினைத்திருந்தாள்.

அந்த ஓட்டையை விரலால் தடவினாள். விரல்நுனி உள்ளே போனது.

"வலிக்குதுன்னு ஒருநாள்கூடக் காட்டலியேடா," என்றாள்.

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. புங்கமரத்தடியில் அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சொல்லியிருந்தா நீ வெச்சிருக்கமாட்டே."

வைத்திருப்பாளா? அது அவளுக்கே தெரியாது. இனி தெரியவும் போவதில்லை. அதைத் தெரிந்துகொள்ளும் பாக்கியத்தை அவர் அன்றைக்கே அவளிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டார். கோபம் வந்தது. வரட்டும் என்று விட்டாள்.

"பல்லு இருக்குன்னு துரைக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்," என்றாள்.

அவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று முனகினார். பிறகு கையை நீட்டினார். இப்போதெல்லாம் அவள் பிடித்துத் தூக்கிவிட்டால்தான் அவரால் எழுந்து நிற்க முடியும். எப்போதும் கேட்பதற்கு முன்பே பிடித்துவிடுவாள்.

நீட்டிய அந்தக் கையைப் பிடிக்காமல் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள்.