ஆறடித் தூண்

"தூண் இந்த அறை வழியாத்தான் மேல போகணும்" என்றார் ஒகுடா.

சக்குமா அளவு நாடாவோடு வாசலிலேயே நின்றான். ஹமமாட்சு நகரில் இசை கேட்கும் விலை உயர்ந்த கருவிகள் விற்கும் கடையின் ஆள் அவன். ஒகுடா வாங்கியிருந்த, இசைத்தட்டைச் சுற்றும் டர்ன்டேபிள் முந்நூற்றைம்பது கிலோ. அதன் விலைக்கு இரண்டு வீடு வாங்கலாம். யாராவது நடந்தால்கூட ஊசி அதிருமாம். அதனால் வீட்டைத் தொடாமல், பூமியிலிருந்து நேராக மாடிக்குத் தனியாக ஒரு கான்கிரீட் தூண்.

அறையில் ஒரு கட்டில். ஆணியில் பள்ளிச் சீருடை. கட்டில் ஓரத்தில், போர்வையை மடியில் வைத்தபடி ஒகுடாவின் மனைவி மசாயோ உட்கார்ந்திருந்தாள். வந்தவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"யாரோட அறை, ஒகுடா சான்?"

"பையன் ரெய்ஜியோடது. தவறிப் போய் மூணு வருஷமாச்சு."

சக்குமாவுக்கு என்னவோ போலிருந்தது. "கீழ்க்கூடத்துலயே வச்சுடலாமே? தரை மேல உக்காந்துரும். தூணே வேண்டாம்."

"மாடியிலதான் கேப்பேன்."

"அப்ப பக்கத்து அறை வழியா..."

"இங்கதான்."

"சரி. ரெண்டடி அகலம் தாராளம்."

"ஆறடி போடுங்க."

"ஆறடியா! அப்புறம் உள்ளே ஆள் நிக்க இடமிருக்காது. கதவே திறக்காது."

"கதவை எடுத்துட்டு சுவர் வச்சிருங்க."

மசாயோ மெல்லத் தலையைத் தூக்கினாள். "ஏங்க..." என்றாள். அவ்வளவுதான். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல்.

ஒகுடா திரும்பவே இல்லை. "எழுதிக்குங்க, சக்குமா. ஆறடி."

மனுஷனா இவன் என்று நினைத்துக்கொண்டே சக்குமா எழுதினான்.

வேலை ஒரு மாதம் நடந்தது. கட்டிலை வெளியே எடுத்த அன்று அந்தம்மா தரையில் படுத்து மறித்தாளாம். கான்கிரீட் கொட்டிய அன்று காலில் கிடந்த செருப்பைக் கழற்றிப் புருஷன் முகத்தில் வீசினாளாம். கொத்தனார்தான் சொன்னார்.

கருவியைப் பொருத்திய ஞாயிற்றுக்கிழமை, ஒகுடாவின் இசை நண்பர்கள் இருவர் வந்துவிட்டார்கள். கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தெஜிமாவும், ஒரு பல் டாக்டரும். இருவரும் கருவியைக் கோயில் சிலை மாதிரிச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

சக்குமா ஊசியை இறக்கினான். செல்லோ வாத்தியத்தின் நாதம் எழுந்தது.

"வாசிக்கிறவன் மூச்சு விடறது கேக்குதுய்யா!" என்றார் டாக்டர்.

"மூச்சா? அவன் சட்டைப் பித்தான் உரசறதே எனக்குக் கேக்குது" என்றார் தெஜிமா. "ஆறடித் தூண்! நாட்டுலயே எவன்கிட்ட இருக்கு? ஒகுடா, நீதான்யா நிஜ ரசிகன். நாங்கள்லாம் சும்மா."

ஒகுடா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

கீழே ஒரு தட்டு உடைந்தது. அடுத்து இன்னொன்று.

"வீட்டுக்காரம்மாவைக் கொஞ்சம் அடக்கி வைப்பா. ஊசி அதிரப்போகுது" என்றார் தெஜிமா.

"அதான் தூண் இருக்கே!" என்று டாக்டர் சிரித்தார்.

அவர்கள் கிளம்பிப் போன சூட்டோடு மசாயோ மாடியேறி வந்தாள். கோட்டுப் பித்தானெல்லாம் போட்டிருந்தாள். கையில் பெட்டி.

"டொயொஹாஷிக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

இத்தனை வருஷமாக 'ஏங்க' என்றே அழைத்தவள், அன்று 'உன்' என்றாள்.

"பெத்த பிள்ளையை விட இந்தத் தட்டு சுத்துறதுதானே உனக்குப் பெருசு? சுத்தட்டும். இதையே கட்டிக்கிட்டு அழு!"

அவள் பெட்டியோடு இறங்கிப் போனாள். கீழே வாசல் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

சக்குமாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "மன்னிக்கணும். நான் கடைக்காரன், பேசக் கூடாது. ஆனா சம்சாரத்தை விரட்டிட்டு அப்படியொரு பாட்டு கேக்கணுமா, ஒகுடா சான்?"

"என்ன பாட்டு?"

"இப்ப போட்டேனே, அதுதான்."

"போட்டீங்களா? எனக்கு ஒண்ணும் ஏறல. ரெய்ஜி போன நாள்லேருந்தே எந்தப் பாட்டும் ஏறறதில்ல."

"அப்ப எதுக்கு இவ்வளவும்?"

ஒகுடா ஜன்னலருகே போனார். தெருக்கோடியில் பெட்டியை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள் மசாயோ.

"ரெண்டு தடவை, சக்குமா. ரெண்டு தடவை அந்த அறையிலேருந்துதான் அவளை ஆம்புலன்ஸ்ல ஏத்தினேன். பையன் போன வழியிலயே போகப் பாத்தா. வெளியே வரச்சொல்லி ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார், அவ அக்கா வந்து கெஞ்சினா, கோயில் குரு வந்து சொன்னார். அறையை விட்டு அசையல. என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. இந்த மாசம்தான் கத்தினா. இந்த மாசம்தான் பசிக்குதுன்னு தானா எடுத்துப் போட்டுச் சாப்பிட்டா."

பஸ் வந்து நின்றது. அவள் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"மூணு வருஷத்துல அவ தானா வாசப்படி தாண்டினது இன்னிக்குத்தான்" என்றார் ஒகுடா. பஸ் போன பிறகும் அந்த வெறும் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓடிப் போய் உண்மையைச் சொல்லுங்க, ஒகுடா சான்! டொயொஹாஷிதானே, அடுத்த ரயில்ல போயிடலாம். சொன்னா மன்னிச்சுடுவாங்க."

"ஆமா, மன்னிச்சுடுவா" என்றார் ஒகுடா. "மன்னிச்சா, திரும்பி வந்துடுவா."