குழந்தைத் தாழியில் இருந்த விளக்கு

ஆய்வகத்திலிருந்து வந்த கடிதத்தைப் பேராசிரியர் தணிகைவேல் மூன்றாம் முறையாகப் படித்தார். குழந்தையின் எலும்புகளோடு தாழியில் கிடைத்த, மூக்கு வைத்த சிறிய மண் கிண்ணத்தில் எண்ணெயின் சுவடே இல்லை. அதில் ஊறியிருப்பது பால். இறந்தவர்க்கு வழிகாட்டும் விளக்கு என்று அவர் அதைப் பற்றிப் புத்தகமே எழுதி இருபத்தாறு வருடமாகிறது. அகழாய்வின்போது அதை மண்ணிலிருந்து எடுத்தவள், மரத்தடித் தூளியில் கைக்குழந்தையைப் போட்டுவிட்டு மண் சுமக்க வந்தவள். கிண்ணத்தின் மூக்கை முந்தானையால் துடைத்து, "இது பால் புகட்டுற பாலாடைங்கய்யா. போற வழியில புள்ளைக்குப் பசிக்கும்ல?" என்றாள். "அந்தக் காலத்துல ஏதும்மா பாலாடை? போய் வேலையப் பாரு" என்று அவர் சிரித்தார். குழியில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவள் மட்டும் தாழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது அவள் பெயருக்காகப் பழைய வருகைப் பதிவேட்டைத் தேடி எடுத்துப் புரட்டினார். நான்காம் குழிக்கு நேரே 'பெண் ஆள் – ஒன்பது' என்று மட்டும் இருந்தது. அவரும் அவளை 'ஏம்மா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். தன் புத்தகத்துக்கு மறுப்புக் கட்டுரையை அவரே எழுதி அனுப்பினார். இதழாசிரியர் போனில் கேட்டார்: "சார், உங்க பேருக்கு முன்னாடி கொஞ்சம் இடம் காலியா இருக்கே, ஏதாவது விட்டுப்போச்சா?"

"ஆமா, விட்டுப்போச்சு" என்றார் தணிகைவேல். "அப்படியே அச்சடிங்க."