ஆமையக்காவின் முகப்பூச்சு

மகள் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. முகச் சுருக்கம் போகட்டும் என்று ஆமையக்கா கற்றாழைச் சோற்றைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, முகத்திலும் கழுத்திலும் தாராளமாகப் பூசிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் வந்த தவளை, "அக்கா, இப்பவே பளபளன்னு இருக்கீங்களே!" என்றது.

ஆமையக்காவுக்கு வெட்கம் வந்துவிட்டது. சட்டென்று தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். பூச்சு முழுக்க ஓட்டின் உட்புறத்தில் அப்பிக்கொண்டது.

தினமும் அவள் பூசினாள். தினமும் தவளை வந்து புகழ்ந்தது. வாயை மூடிக்கொண்டு போனால்தானே!

கல்யாணத்தன்று சம்பந்தியம்மா அவள் முகத்தை உற்றுப் பார்த்து, "என்ன சம்பந்தி, வேலை ஜாஸ்தியா? இப்படி வாடிப்போயிட்டீங்களே!" என்றாள்.

"முகத்தை விடுங்க சம்பந்தி," என்றாள் ஆமையக்கா. "ஓட்டுக்குள்ள எட்டிப் பாருங்க. ஒரு சுருக்கம் இருக்காது!"