ராகு காலத்துக்கு எந்த ஊர் மணி?

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் செல்லங்களா, கண்ணாடிக் கதவில் ஒரு கல்யாணம் தடுக்கி நின்ற கதையைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர், நாலரை மணி நேரம் பறக்க வேண்டும். தான் கட்டிக்கொள்ளப் போகிற, இரண்டு வருடமாகப் போனில் மட்டுமே பேசிவந்த இளங்கண்ணனை முதன்முதலாக நேரில் பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை செண்பகவல்லி தன் அத்தையோடு பறந்து போய் இறங்கினாள். விமான நிலையக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அவன் கையை ஆட்டினான். இவள் ஓடப் போனாள். அத்தை முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நில்லுடி! சுவர்க் கடிகாரத்தைப் பாரு, மணி அஞ்சு. ஞாயித்துக்கிழமை நாலரைலேர்ந்து ஆறு ராகு காலம். முதல் முகம் பார்க்கறது இப்பவா?"

"நம்ம ஊர்ல இன்னும் ரெண்டரைதான் அத்தை!"

"இறங்கினது இந்த ஊருலடி."

"அப்போ நம்ம ஊர் ராகுவும் டிக்கெட் எடுத்து வந்துட்டானா?"

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே அவனோ பூங்கொத்தைக் கை மாற்றிக் கை மாற்றி, நுனிக்காலில் எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். சென்னை நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்த தன் வாட்சை அத்தை கழற்றி, செண்பகவல்லியின் மணிக்கட்டில் கட்டினாள்.

"உன் கையில மணி ரெண்டரை. ஓடு!"

உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறவர்கள் எந்த ஊர் மணியில் வந்தாலும், அது நல்ல நேரமாகவே இருக்கட்டும் கண்ணுகளா.